கூட்டம் முடிந்த பிறகும் இருப்பவர்கள்

ஜோர்டான் நாட்டின் வடக்கே, மஃப்ரக் நகருக்குப் பக்கத்தில், சிரியா எல்லையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது ஸாத்தாரி அகதி முகாம். 2012 ஜூலை 28 அன்று வெறும் பாலைமண்ணில் கூடாரம் அடித்து அதைத் திறந்தார்கள். ஓராண்டுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து சேர்ந்தார்கள். பெரும்பாலோர் எல்லைக்கு அப்பாலுள்ள தரா பகுதிக்காரர்கள். 2011 மார்ச்சில் சிரியாவின் கிளர்ச்சி மூண்டது அங்கேதான். வந்தவர்களில் பாதிக்கு மேல் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள்.

அந்தக் கூட்டத்தில் வந்த பத்து வயதுச் சிறுவன் ஒருவனை எண்ணிக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட ஒருவனை நான் சொல்லவில்லை. அவனைப் போல ஆயிரக்கணக்கானோர் இருந்தார்கள். அசாத் ஆட்சி 2024 டிசம்பர் 8 அன்று விழுந்தபோது அவனுக்கு இருபத்திரண்டு வயது. மீசை அரும்பியது, குரல் உடைந்தது, பள்ளியை முடித்திருக்க வேண்டிய ஆண்டு, முதல் சம்பளத்தை அம்மா கையில் கொடுத்திருக்க வேண்டிய ஆண்டு எல்லாம் முகாமுக்குள்ளேயே வந்து போய்விட்டன.

அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் உலகம் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை என்று சொன்னால் அது அநியாயம். ஐ.நா. அகதிகள் ஆணையம் ஜோர்டான் அரசுடன் சேர்ந்து முகாமை நடத்தியது. யுனிசெஃப் பள்ளிகளுக்குத் துணை நின்றது. காலையில் பெண்பிள்ளைகள், பிற்பகலில் பையன்கள் என்று இரண்டு ஷிப்ட். நார்வே அகதிகள் மன்றம் தொழிற்பயிற்சி தந்தது. க்வெஸ்ட்ஸ்கோப் என்ற அமைப்பு பள்ளியை விட்டு நின்ற வளரிளம் பிள்ளைகளைத் திரும்பப் படிக்க வைத்தது. ஐ.நா. மக்கள்தொகை நிதியம் இளையோர் மையத்துக்கு உதவியது. இவர்கள் தனித்தனியே இயங்கிவிடக் கூடாது என்று இளையோருக்கென ஒரு பணிக்குழுவும் அமைந்தது. கூட்டங்கள் நடந்தன, குறிப்புகள் எழுதப்பட்டன, அட்டவணைகள் நிரப்பப்பட்டன. அந்த வேலையைச் செய்தவர்களை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஒரே தெருவில் இரண்டு நிறுவனங்கள் தையல் வகுப்பு நடத்த, அடுத்த தெருவில் ஒன்றுமே இல்லாமல் போகாதபடி பார்த்துக்கொள்வது சாதாரண உழைப்பில்லை.

இந்த உழைப்பின் அருமை நம் ஊருக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் குவிந்த தொண்டு நிறுவனங்கள் நூற்றுக்கணக்கில். ஆறாயிரத்துக்கும் மேல் உயிர்களை இழந்த மாவட்டம் அது. ஒரே குப்பத்துக்கு மூன்று லாரித் துணி போகும்; இன்னொரு குப்பத்துக்குக் குடிதண்ணீர்கூடப் போகாது. சில நாட்களிலேயே ஸ்நேகா என்ற தொண்டு நிறுவனமும், தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பான சிஃப்ஸும் மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து ஓர் ஒருங்கிணைப்பு மையத்தைத் தொடங்கின. யார் எந்த ஊருக்கு என்ன செய்கிறார்கள் என்ற கணக்கு ஓரிடத்துக்கு வந்தது. இந்த இரண்டு அமைப்புகளும் அலை வருவதற்கு முன்பே அந்தக் கரையில் இருந்தவை. அதை இங்கே குறித்துவைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

2005இல் ஐ.நா.வும் தன் பேரிடர் உதவி முறையைச் சீர்திருத்தி, ‘கிளஸ்டர்’ என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. உணவு, குடிநீர், தங்குமிடம், சுகாதாரம், கல்வி, பாதுகாப்பு என்று வேலையைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பொறுப்பான நிறுவனத்தைக் குறித்தார்கள். அகதிகள் விஷயத்தில் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் தலைமையில் ஏறக்குறைய இதே பிரிவினை. யாருமே பொறுப்பேற்காத வேலை இனி இருக்கக் கூடாது என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் அந்தப் பட்டியலில் இளையோருக்கென்று ஓர் இடம் இல்லை. குழந்தைப் பாதுகாப்புக்கு இருக்கிறது. கல்விக்கு இருக்கிறது; நெருக்கடிக் காலத்தில் அது பெரும்பாலும் தொடக்கப் பள்ளியோடு நின்றுவிடுகிறது. வாழ்வாதாரத்துக்கும் இருக்கிறது, அது குடும்பத் தலைவரைத்தான் தேடிப் போகிறது. பதினாறு வயதுப் பையன் இந்த மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறான். முழுதாக எதிலும் இல்லை.

அவன் யார் என்பதிலேயே கருத்தொற்றுமை கிடையாது. 1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமை உடன்படிக்கைப்படி பதினெட்டு வயதுக்குக் கீழே எல்லோரும் குழந்தைகள். ஐ.நா. புள்ளிவிவரத்துக்கு இளையோர் 15 முதல் 24 வரை. பாதுகாப்புச் சபையின் 2250ஆம் தீர்மானத்துக்கு 18 முதல் 29 வரை. ஆப்பிரிக்க இளையோர் சாசனத்தில் 15 முதல் 35 வரை. இந்தியாவின் 2014ஆம் ஆண்டு இளைஞர் கொள்கையில் 15 முதல் 29 வரை. ஒவ்வொரு வரம்புக்கும் ஒரு நியாயம் உண்டு. ஆனால் ஒரே முகாமில் இத்தனை வரம்புகளும் வேலை செய்யும்போது, பிறந்தநாள் வந்தால் உதவி நிற்கிறது. பதினேழில் உளவியல் ஆலோசனை பெற்றவனுக்குப் பதினெட்டில் அந்த அறையின் கதவு மூடிவிடும். அவனுடைய கெட்ட கனவு மட்டும் பதினெட்டில் நின்றுவிடாது.

நம் சிறுவனின் பாதைக்கு வருவோம். பன்னிரண்டு வயதில் அவன் பள்ளியை விட்டு முகாமின் கடைத்தெருவுக்கு வேலைக்குப் போகிறான். அப்பா இல்லை, அல்லது இருந்தும் வேலை செய்ய அனுமதி இல்லை. பதினைந்தில் திரும்பப் படிக்க ஆசை வருகிறது. ஜோர்டானில் மூன்று ஆண்டுகளோ அதற்கு மேலோ படிப்பு விட்டுப்போனவர்களை வழக்கமான பள்ளியில் சேர்க்க விதி இடம் தரவில்லை. அதற்கு மாற்றாக, கல்வி அமைச்சகத்தின் ஒப்புதலோடு க்வெஸ்ட்ஸ்கோப் நடத்திய இரண்டாண்டுப் படிப்பு இருந்தது. அதில் சேர்ந்து முடிக்கிறான். இனி தொழிற்பயிற்சி. சில மாதங்கள். கையில் சான்றிதழ்.

இங்கேதான் நான் நீண்ட நேரம் நின்று யோசிக்கிறேன். முகாமில் கற்றுத்தரப்பட்ட தொழில்களில் முடிதிருத்தமும் மின்வேலையும் இருந்தன. 2016 பிப்ரவரியில் லண்டனில் நடந்த மாநாட்டில், சிரியர்களுக்கு இரண்டு லட்சம் வேலைவாய்ப்புகளுக்கு வழி திறப்பதாக ஜோர்டான் உறுதி சொன்னது. பதிலுக்கு ஐரோப்பியச் சந்தை ஜோர்டான் பொருட்களுக்குக் கதவை அகலத் திறந்தது. துணிச்சலான ஒப்பந்தம், அதை இன்றும் மெச்சுகிறேன். ஆனால் வெளிநாட்டவருக்கு மூடப்பட்ட தொழில்கள் என்று ஜோர்டானில் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருந்தது. முடிதிருத்தம் அதில் உண்டு. மின்வேலை உண்டு. வண்டி பழுதுபார்த்தல், ஓட்டுநர் வேலை, ஆசிரியர் வேலை, கணக்கு எழுதுதல் எல்லாம் உண்டு. திறந்திருந்தவை பெரும்பாலும் வயல், கட்டுமானம், தொழிற்சாலை. ஆகவே மின்வேலை கற்ற பையன் தக்காளித் தோட்டத்துக்குப் போகிறான்.

குற்றவாளியைத் தேடினால் கிடைக்க மாட்டார். ஜோர்டானின் சொந்த இளைஞர்களிடையே வேலையின்மை கடுமையாக இருந்தது. தன் பிள்ளைகளுக்காக அந்த அரசு சில தொழில்களை மூடி வைத்தது. ஊர் திரும்பினால் இந்தத் தொழில் சோறு போடும் என்று பயிற்சி தந்தவர்கள் நினைத்ததும் பிழையில்லை. நிதி தந்தவர்கள் எத்தனை பேர் பயிற்சி முடித்தார்கள் என்று கேட்டார்கள். அந்த எண்ணிக்கை சரியாக வந்தது. லண்டனில் பேசியவர்கள் வேலை அனுமதிகளின் எண்ணிக்கையைப் பேசினார்கள். ஒவ்வொரு அறையிலும் வேலை ஒழுங்காக நடந்தது. அறைகளுக்கு இடையில் நடந்து போனவன் அந்தப் பையன் ஒருவன்தான். அவனுக்குத் தெரிந்திருந்த முரண்பாட்டை அவனிடம் கேட்க அந்த அறைகளில் யாருக்கும் தோன்றவில்லை. முகாமுக்குள் ஒரு வேலைவாய்ப்பு அலுவலகத்தை சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் (ஐ.எல்.ஓ.) அகதிகள் ஆணையமும் சேர்ந்து திறந்தது 2017 ஆகஸ்டில். முகாம் தொடங்கி ஐந்து ஆண்டுகள் கழித்து.

பெண்பிள்ளையின் பாதை இன்னும் குறுகியது. ஜோர்டானில் பதிவான சிரியர் திருமணங்களில் மணமகளுக்குப் பதினெட்டு நிரம்பாதவை 2011இல் நூற்றுக்கு 12. 2014இன் முதல் மூன்று மாதங்களில் அது 32ஐ நெருங்கிவிட்டது என்று யுனிசெஃப் ஆய்வு சொன்னது. பாதுகாப்பு பற்றிய பயம், வறுமை, ஊர்வழக்கம் மூன்றும் சேர்ந்து தள்ளின. பதினாறில் மணமான பெண் அநேகமாகப் பள்ளிக் கணக்கிலிருந்து நழுவி மகப்பேற்றுக் கணக்கில் ஏறுகிறாள். இரண்டு கணக்கிலும் அவள் சரியாகப் பதிவாகியிருக்கலாம். முதல் கணக்கிலிருந்து இரண்டாவதற்கு அவள் போன அந்த ஒரு வாரத்தில், தடுத்திருக்கக்கூடிய வாரத்தில், அவள் யாருடைய பொறுப்பு? இந்தக் கேள்விக்கு எந்த அட்டவணையிலும் கட்டம் இல்லை.

யார், என்ன, எங்கே என்ற மூன்று கேள்விகளின் மேல்தான் ஒருங்கிணைப்பு அட்டவணைகள் நிற்கின்றன. குடிநீருக்கும் கூடாரத்துக்கும் அவை போதும். கூடாரம் போடாத இடம் எது என்று பார்த்தால் அடுத்த லாரி எங்கே போக வேண்டும் என்று தெரிந்துவிடும். இளமையை அப்படி இடமாகப் பார்க்க முடியாது. அது ஒரு காலம். ஒன்றன்பின் ஒன்றாக வர வேண்டியவை வந்தால்தான் அதற்குப் பொருள். படிப்பு முடிவதற்குள் தொழில், தொழில் கற்றதும் கருவி, கருவி கிடைத்ததும் அனுமதி, அனுமதி வந்ததும் கூலி. இவற்றில் ஒன்று இரண்டு ஆண்டுகள் தாமதித்தால், தண்ணீர் லாரி தாமதித்ததைப் போல அதை மறுநாள் ஈடு கட்ட முடியாது. பதினேழு வயது திரும்ப வராது.

‘தொலைந்த தலைமுறை ஆகிவிடக் கூடாது’ என்ற முழக்கத்தோடு யுனிசெஃப், வேர்ல்ட் விஷன், சேவ் த சில்ட்ரன் முதலியவை சேர்ந்து 2013இல் ஒரு பெரிய கூட்டு முயற்சியைத் தொடங்கின. சிரிய நெருக்கடியில் நடந்த நல்ல காரியங்களில் அதுவும் ஒன்று. தொடக்கத்தில் அதன் தூண்கள் இரண்டு: கல்வி, குழந்தைப் பாதுகாப்பு. வளரிளம் பருவத்தினருக்கும் இளையோருக்கும் தனித் தூண் சேர்ந்தது 2016இல். நிறுவனங்களின் கணக்கில் அது விரைவான திருத்தம். 2013இல் பதினைந்து வயதில் இருந்த பெண்ணுக்கு அதற்குள் பதினெட்டு.

தமிழ்நாட்டில் ஏரிகளைச் சங்கிலியாக வெட்டியவர்கள் இந்தத் தொடர்ச்சியைப் புரிந்துகொண்டவர்கள். மேல் ஏரி நிரம்பிக் கலிங்கு வழிந்தால் அந்த நீர் எந்த வாய்க்காலில் இறங்கி எந்த ஏரிக்குப் போக வேண்டும் என்று பார்த்துத்தான் கரை போட்டார்கள். ஓர் ஏரி தூர்ந்தால் ஓர் ஊர் காயும். நடுவாய்க்கால் தூர்ந்தால் கீழே உள்ள ஊரெல்லாம் காயும். இளையோர் திட்டங்களில் உலகம் ஏரிகளை வெட்டிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொன்றின் கரையிலும் அதை வெட்டியவரின் பெயர்ப்பலகை நிற்கிறது. வாய்க்காலில் பெயர்ப்பலகை நட இடமில்லை. அதனாலேயே அதற்குப் பணம் ஒதுக்குவார் அரிது.

தீர்மானங்களுக்குக் குறைவில்லை. 2015 டிசம்பர் 9 அன்று நிறைவேறிய 2250ஆம் தீர்மானத்தைக் கொண்டுவந்ததே ஜோர்டான்தான். இளையோர் விவகாரத்துக்கான ஐ.நா.வின் முதல் தூதர் ஜோர்டான்காரர் அஹ்மத் அல்ஹிந்தாவி. 2017இல் அவருக்குப் பின் வந்தவர் இலங்கையின் ஜயத்மா விக்கிரமநாயக்க. 2016 மே மாதம் இஸ்தான்புல்லில் நடந்த உலக மனிதநேய உச்சி மாநாட்டில், நெருக்கடிகளில் இளையோருக்கான உடன்பாடு ஒன்றைச் செஞ்சிலுவைச் சங்கங்களின் கூட்டமைப்பும் மக்கள்தொகை நிதியமும் முன்னின்று கொண்டுவந்தன. 2018இல் ஐ.நா. முழுமைக்குமான இளையோர் வியூகம் வந்தது. 2022இல் தனி இளையோர் அலுவலகத்துக்குப் பொதுச்சபை ஒப்புதல் தந்தது. இவற்றை வெறும் காகிதம் என்று ஒதுக்க மாட்டேன். இளைஞன் என்றால் ஆபத்து, துப்பாக்கி தூக்கக்கூடியவன் என்று மட்டுமே பார்த்துவந்த பாதுகாப்புச் சபையில், அவன் சமாதானத்தின் பங்காளி என்று எழுதவைத்தது பெரிய காரியம்.

இஸ்தான்புல்லில் கொடுத்த வாக்குறுதிகளில் என் மனத்தில் தங்கியவை வேறு இரண்டு. நிதியை ஓராண்டுக்கு என்றில்லாமல் பல ஆண்டுகளுக்குச் சேர்த்துத் தருவது ஒன்று. 2020க்குள் நிதியில் நான்கில் ஒரு பங்கை அந்தந்த ஊர் அமைப்புகளுக்குக் கூடுமானவரை நேரடியாகக் கொடுப்பது மற்றொன்று. இளையோர் என்ற பெயரே இவற்றில் இல்லை. ஆனால் இளையோருக்கு வேண்டியவை இவைதான் என்பது என் முடிவு. முதலாவது ஓரளவே நடந்தது. இரண்டாவது இலக்கை எட்டவேயில்லை.

ஏன் இவைதான் என்கிறேன்? ஒரு பையனின் பத்து ஆண்டுகளை ஒரே நூலில் கோப்பதற்கு, அந்தப் பத்து ஆண்டுகளும் அவன் பக்கத்தில் இருக்கும் ஒருவர் வேண்டும். சர்வதேச நிறுவனத்தின் அலுவலர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஓராண்டு, இரண்டாண்டில் மாற்றலாகிப் போவார். திட்டம் முடியும், பெயர் மாறும், நிதி தரும் நாட்டின் தேர்தல் முடிவு வரும். 2025இல் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியைச் சட்டென்று நிறுத்தியது; ஜூலை 1 அன்று அதன் உதவி அமைப்பான யு.எஸ்.எய்ட் தன் வேலையை முடித்துக்கொண்டது. பல நாடுகளில் நடந்துகொண்டிருந்த வகுப்புகள் பாதியில் நின்றன. போகாமல் இருந்தவர்கள் அந்தந்த ஊர் மக்களே. ஸாத்தாரியில் ஜப்பானியத் தொண்டு நிறுவனம் ஒன்றின் துணையோடு ‘அத்தரீக்’ என்ற மாத இதழை முகாம்வாசிகளே எழுதிப் படம் எடுத்து வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். எந்தத் தெருவில் யார் படிப்பை நிறுத்தினார்கள், எந்த வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கிறது என்பதை அப்படி வீடுவீடாகப் போகிறவர்களைவிட நன்றாக எந்த அட்டவணை அறியும்?

நமக்கு நெருக்கமான சான்றும் இருக்கிறது. 1983க்குப் பிறகு தமிழ்நாட்டுக்கு வந்த இலங்கைத் தமிழ் ஏதிலியரிடையே, 1984இல் எஸ்.சி. சந்திரஹாசன் சென்னையில் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைத் தொடங்கினார். ஏதிலியருக்காக ஏதிலியரே நடத்திய அமைப்பு. நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் சிதறிக் கிடந்த மக்களிடையே, முகாமிலேயே வளர்ந்த பிள்ளைகள் மாலை வகுப்பு எடுத்தார்கள், சுகாதாரப் பணியாளரானார்கள், அடுத்த தலைமுறையைக் கல்லூரி வாசல்வரை கூட்டிப்போனார்கள். நாற்பது ஆண்டுகளில் சட்டம் மாறியது, சூழல் மாறியது, உதவி செய்தவர்கள் மாறினார்கள். பாட்டி காலத்தில் பதிவான குடும்பத்தின் பேத்தி இன்று எந்த வகுப்பில் படிக்கிறாள் என்று சொல்லக்கூடியவர்கள் முகாமுக்குள்ளேயே இருந்தார்கள். நாகப்பட்டினத்தில் அலைக்கு முன்பும் பின்பும் இருந்த அமைப்புகளைக் குறித்துவைத்தது இதற்குத்தான்.

உள்ளூர் என்றாலே நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. ஸாத்தாரியின் தொடக்க நாட்களில் தெருவுக்குத் தெரு தலைவர்கள் முளைத்து, நிவாரணப் பங்கீட்டைத் தங்கள் பிடிக்குள் வைத்திருந்தார்கள். நம் ஊர்களில் சாதியும் ஆண்களின் ஆதிக்கமும் அதே வேலையைச் செய்யும். ஊர்ப் பெரியவர்களிடம் பணத்தைக் கொடுத்தால் பதினாறு வயதுப் பெண்ணின் குரல் அதே பெரியவர்களின் திண்ணையில் நின்றுவிடலாம். கணக்குப் பார்க்கவும், பலவீனமானவரின் பக்கம் நிற்கவும் வெளியிலிருந்து வரும் நிறுவனம் வேண்டும். அதன் இடம் அதுதான்: பக்கத்தில் இருப்பவரின் கையைப் பலப்படுத்துவது, அந்தக் கை தவறும்போது கேள்வி கேட்பது. இன்று நடப்பது தலைகீழ். வெளியே இருந்து வந்தவர் திட்டம் போடுகிறார். இருப்பவர் பெயர்ப்பட்டியல் எடுத்துக் கொடுக்கும் தற்காலிக ஊழியராகிறார்.

மேசையைச் சுற்றி எத்தனை நிறுவனங்கள் உட்கார்ந்தன என்பதை வைத்து ஒருங்கிணைப்பை அளப்பதை விட்டுவிட வேண்டும். இந்த ஊரில் பதினான்கு வயதில் இருக்கும் பிள்ளை இருபத்துநான்கு ஆகும்வரை யாராவது ஒருவருடைய கணக்கில் தொடர்ந்து இருக்கிறதா? ஒரு கதவு மூடும் நாளுக்கு முன்பே அடுத்த கதவைத் தட்ட அவருக்குச் சம்பளமும் அதிகாரமும் இருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் மற்றக் கூட்டங்கள் பயன் தரும். இல்லை என்றால் எத்தனை கூட்டம் போட்டாலும் அலைபவன் அந்தப் பையன்தான்.

வன்னியிலும் மட்டக்களப்பிலும் தமிழ்நாட்டு முகாம்களிலும் இளையோருக்கென்று பணம் அனுப்பும் தமிழர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், கோயில் அறக்கட்டளைகள். ஐ.நா.வுக்கு நாம் உத்தரவு போட முடியாது. நம் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் நாம் பேசலாம். கணினிப் பயிற்சி, தையல் பயிற்சி என்று இன்னொரு புதிய திட்டத்தை அறிவிப்பதற்கு முன், அந்த ஊரில் அந்தப் பிள்ளைகளோடு ஏற்கெனவே இருக்கிறவர் யார் என்று விசாரியுங்கள். ஒரு டீச்சராக இருக்கலாம், மாதர் சங்கச் செயலாளராக இருக்கலாம், அதே முகாமில் படித்து முடித்த ஓர் இளைஞராக இருக்கலாம். அவருக்கு ஐந்து ஆண்டுகளுக்குச் சம்பளம் கொடுங்கள். அந்த ஊரில் வேலை செய்யும் மற்ற எல்லா நிறுவனங்களின் கதவையும் அவர் தட்டட்டும். திறப்பு விழாவோ கல்வெட்டோ இல்லாத செலவு இது. இதை முதலில் செய்யுங்கள்.